முதுகுக்குப் பின்னால் இருந்த பெட்ரோல்

எங்கள் பிக்கப்பில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று பார்க்க மீட்டரைப் பார்க்கும் பழக்கம் வீட்டில் யாருக்கும் கிடையாது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே அந்த மீட்டர் ஓடியதில்லை. சித்தப்பா வண்டியை ஓட்டிக்கொண்டே இடது கையைச் சீட்டுக்குப் பின்னால் விட்டு, விரல் முட்டியால் டேங்கைத் தட்டுவார். மேலே தட்டினால் ‘டங்’ என்று கேட்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கையை இறக்கித் தட்டிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் சத்தம் ‘டொப்’ என்று மாறும். அதுதான் பெட்ரோல் மட்டம். அதை வைத்தே “மாதவரம் போயிட்டு வந்துரலாம்” என்றோ “பங்குல நிறுத்திட்டுப் போலாம்” என்றோ சொல்வார். ஒரு தடவைகூட நடுவழியில் நின்றதில்லை.

வண்டி 1951 மாடல் செவர்லே, அரை டன். ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் 1954 வரை பம்பாயில் வைத்திருந்த தொழிற்சாலையில் பூட்டி அனுப்பிய வண்டிகளில் ஒன்று. தாத்தா அதை 1968-இல் ஏலத்தில் எடுத்தார். காசிமேட்டுக்கு ஐஸ் பார் ஏற்றிப் போகத்தான் வாங்கினார். பின்பாடியில் உமி பரப்பி, ஐஸ் அடுக்கி, மேலே சாக்கு போட்டு, விடியற்காலை மூன்று மணிக்கு தண்டையார்பேட்டையிலிருந்து கிளம்பும். தாத்தாவுக்குப் பிறகு நைனா, நைனாவுக்கு முடியாமல் போனபின் சித்தப்பா. 2014-இல் ஓடுவது நின்றது. ஷெட்டில் ஆறு வருஷம் கிடந்ததை நான் 2020-இல் கையில் எடுத்தேன். நான் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பில் எலக்ட்ரீஷியன். லீவு நாளெல்லாம் இந்த வண்டிதான்.

பிரேக், ஸ்டீயரிங், வயரிங், பின்பாடிப் பலகை எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தேன். அவற்றைப் பற்றித் தனித்தனியாக எழுதலாம். இன்றைக்கு எழுத உட்கார்ந்தது டேங்கைப் பற்றி. இந்த வண்டியில் நான் செய்த வேலைகளில் அதிகம் யோசித்ததும், அதிகம் பேர் கூடாது என்று சொன்னதும் அதுதான்.

இந்த மாடலில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள் இருக்கும். சீட்டின் சாய்மானத்துக்குப் பின்னால், கேபினின் பின் தகட்டை ஒட்டி, நிற்கவைத்த பெட்டி மாதிரி. ஓட்டுபவரின் முதுகுக்கும் பெட்ரோலுக்கும் நடுவே சீட்டுப் பஞ்சும் ஒரு தகடும்தான். சின்ன வயதில் நைனாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்து போவேன். சிக்னலில் பிரேக் போட்டால் முதுகில் ‘சளக்’ என்று ஒரு சத்தம். வண்டி கிளம்பினால் மறுபடி ‘சளக்’. அந்தச் சத்தத்தில் சாய்ந்து நான் தூங்கியிருக்கிறேன். அம்மா மட்டும் கேபினில் ஏறவே மாட்டார். பெட்ரோல் வாடை பட்டால் அவருக்கு வாந்தி. திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போனாலும், ஊர்க் கல்யாணத்துக்குப் போனாலும், பின்பாடியில் பாய் விரித்து அதன்மேல்தான் உட்கார்ந்து வருவார். மழை வந்தால் தார்ப்பாயைப் போர்த்திக்கொள்வார். கேபினுக்கு மாறமாட்டார்.

அந்த வாடை எங்கிருந்து வந்தது என்பது டேங்கைக் கழற்றிய அன்றுதான் முழுதாகப் புரிந்தது. டேங்கின் வாய்க் குழாய் கேபினின் ஓரத் தகட்டைத் துளைத்து வெளியே வரும். துளையைச் சுற்றி இருந்த ரப்பர் கல்லாகி வெடித்திருந்தது. மேலே ஃப்ளோட், அதாவது பெட்ரோல் மட்டத்தை மீட்டருக்குச் சொல்லும் மிதவை, உட்காரும் இடத்தின் கேஸ்கட் துகள் துகளாக உதிர்ந்தது. நம் ஊர் வெயில் மீதியைச் செய்யும். பெட்ரோல் ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். காலையில் பெட்ரோல் பங்கின் நிலத்தடி டேங்கிலிருந்து குளிர்ச்சியாக 60 லிட்டர் ஊற்றி, வண்டியை மத்தியானம் வெயிலில் நிறுத்தி, சூடு 15 டிகிரி ஏறினால் முக்கால் லிட்டருக்கும் மேல் அதிகமாகும். கழுத்து வரை நிரப்பிய டேங்கில் அதற்கு ஏது இடம்? வாய் வழியாகவும் கேஸ்கட் வழியாகவும் கசிந்து, கேபினுக்குள் இறங்கி, மூலையில் தேங்கும். எங்கள் வண்டியில் தகடு அதிகம் துருப்பிடித்திருந்த இடமும் அந்த மூலைதான்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். அதனால் மேலே போய்க் கலையாமல் தரையில் படுத்துக்கிடக்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவுக்குச் சேர்ந்தாலே தீப்பற்றும். என் தாத்தா இந்தக் கேபினில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் பீடி குடித்தார். பக்கத்துக் கண்ணாடியை அவர் ஏற்றியதே இல்லை. எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றியது அந்தத் திறந்த கண்ணாடிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

டேங்கை வெளியே கொண்டுபோகிறேன் என்று சொன்னதும் சித்தப்பாவுக்குக் கோபம். “இன்னாடா இது, கம்பெனிக்காரன் வெச்சத நீ மாத்துவியா? அவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?” என்றார். பழைய வண்டிகள் வைத்திருக்கும் நண்பர்கள் இருவரும் இதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார்கள். ஒரிஜினலைத் தொட்டால் வண்டியின் மதிப்பே போய்விடும் என்றார்கள்.

அவர்களுக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன். இதே மாடல் 1947-இல் வெளிவந்தபோது டேங்க் பின்பாடிக்கு அடியில்தான் இருந்தது. ஊற்றும் வாய் பின்பாடியின் பக்கவாட்டில். 1949-இல்தான் கேபினுக்குள் கொண்டுவந்தார்கள். அப்புறம் 1972 மாடல் வரை அந்தக் கம்பெனியின் பிக்கப்புகளில் டேங்க் கேபினுக்குள்ளேயே இருந்தது. 1973-இல் மறுபடி வெளியே எடுத்தார்கள். ஆனால் எடுத்ததைச் சேசிஸ் சட்டத்துக்கு வெளிப்புறம் பக்கவாட்டில் மாட்டினார்கள். பக்கவாட்டில் மோதினால் டேங்க் நசுங்கித் தீப்பிடிக்கிறது என்று புகார்கள் வந்து, 1990களில் அமெரிக்க அரசின் விசாரணை வரை போனது. ஆகவே கம்பெனிக்காரனும் யோசித்து யோசித்து மாற்றியவன்தான். நான் செய்வது 1951 வண்டிக்கு 1947-இன் இடத்தைக் கொடுப்பது. வெளியே எடுத்தால் மட்டும் போதாது, சட்டத்துக்கு உள்ளே வைக்க வேண்டும் என்பதையும் அந்த 1973-இன் கதையிலிருந்தே கற்றுக்கொண்டேன்.

ஒரிஜினல் விஷயத்தில் அவர்கள் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வின்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தார்கள். 50 வயதுக்கு மேற்பட்ட வண்டி, சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும். அதற்கு இன்னும் நான் விண்ணப்பிக்கவில்லை, ஒரு நாள் விண்ணப்பிப்பேன். அதனால் ஒரு முடிவெடுத்தேன். சேசிஸில் புதிதாக ஒரு துளைகூடப் போடக்கூடாது. பாடித் தகட்டில் கட்டிங் மெஷின் படக்கூடாது. நாளைக்கே யாராவது பழையபடி வேண்டும் என்றால், இரண்டு ஸ்பேனரை வைத்துக்கொண்டு ஒரு நாளில் திருப்பி மாட்ட முடிய வேண்டும். இந்த மூன்றும் வேலையைக் கடினமாக்கின. ஆனால் வேலை நன்றாக வந்ததற்கும் இவைதான் காரணம்.

இடம் தேடியது முதல் வேலை. ஸ்டெப்னி தொங்கும் பின் கோடியில் தாராளமாக இடம் இருக்கிறது. எல்லோரும் கை காட்டுவதும் அங்கேதான். நான் வேண்டாம் என்றேன். எண்ணூர் விரைவுச்சாலையில் போனவர்களுக்குத் தெரியும், பின்னால் எப்போதும் ஒரு கன்டெய்னர் லாரி நின்றுகொண்டிருக்கும். அவன் பிரேக் பிடிக்கவில்லை என்றால் முதலில் நசுங்குவது வண்டியின் கடைசி மூன்று அடி. அங்கே பெட்ரோலை வைக்க எனக்கு மனசு வரவில்லை. மிச்சம் இருந்தது பின் ஆக்சிலுக்கு முன்னால், சேசிஸ் சட்டத்துக்கும் நடுவில் ஓடும் டார்க் டியூபுக்கும் இடையே உள்ள நீள இடம். சைலன்சர் போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். இந்த வண்டியில் என்ஜினின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ப்ராப்பல்லர் ஷாஃப்ட் ஒரு தடித்த குழாய்க்குள் மூடியிருக்கும், அதுதான் டார்க் டியூப். ஆக்சில் ஏறி இறங்கும்போது அந்தக் குழாயும் சேர்ந்து ஏறி இறங்கும். அதனால் பின்பாடியில் பத்து மூட்டை மணலை ஏற்றி ஒரு அளவு, இறக்கி ஒரு அளவு, ஜாக்கி வைத்து ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தூக்கி ஒரு அளவு எடுத்தேன். அட்டைப்பெட்டியில் டேங்க் மாதிரி செய்து உள்ளே செருகிப் பார்த்தேன். ஆறாவது அட்டைதான் எங்கும் இடிக்காமல் உட்கார்ந்தது. நீளம் 85 செ.மீ., அகலம் 28, உயரம் 20. கணக்கில் 47 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். விரிவதற்கு இடம் விட்டால் 45. பழைய டேங்கைவிடச் சிறியது. ஆனால் இனி இந்த வண்டி ஐஸ் ஏற்றப்போவதில்லை.

தகடு பற்றிப் பட்டறையில் பெரிய பேச்சு. ஜி.ஐ. தகட்டில் செய்தால் மலிவு, துருப்பிடிக்காது என்றார் ஒருவர். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுத்துவைத்துக்கொள்ளும். ஜி.ஐ.-யின் துத்தநாகப் பூச்சை அரித்து, வெள்ளைப் பொடியாகக் கார்ப்பரேட்டரில் கொண்டுவந்து சேர்க்கும். சாதா இரும்பு என்றால் உள்ளே எத்தனால், வெளியே காசிமேட்டு உப்புக்காற்று. கடைசியில் 304 ஸ்டெயின்லெஸ், ஒன்றரை மி.மீ. தகடு. செம்புதாஸ் தெருவில் ஃபிட்டிங்குகளோடு சேர்த்து வாங்கினேன். ரப்பர் ஹோஸ் எல்லாமே எத்தனாலைத் தாங்கும் வைட்டான். பழைய கறுப்பு ஹோஸ் எத்தனாலில் ஊறி, உள்பக்கம் உரிந்து வரும். அதை ஒரு தடவை கார்ப்பரேட்டரில் பார்த்துவிட்டேன், அது போதும்.

வெல்டிங் வியாசர்பாடியில் ஒரு பாய் பட்டறையில். ஆர்கான் வெல்டிங்கில் இருபத்தைந்து வருஷம் கை பழகியவர். அவர் கேட்ட முதல் கேள்வி, “புது டேங்க்தானே? பழசுல ஒட்டுப்போடச் சொல்ல மாட்டியே?” என்பது. அந்தக் கேள்விக்காகவே அவரிடம் வேலையைக் கொடுத்தேன். நான் பள்ளியில் படித்தபோது எங்கள் தெருமுனைப் பட்டறையில், காலி பெட்ரோல் டிரம்மை வெல்டு வைக்கப்போய் அது வெடித்தது. மூடி எதிர்வீட்டு மாடியில் போய் விழுந்தது. வெல்டு வைத்தவர் பிழைத்தார், ஒரு கண் போய்விட்டது. நிரம்பிய டிரம்மைவிடக் காலி டிரம்தான் ஆபத்து. உள்ளே இருப்பது முழுக்க ஆவியும் காற்றும். கழுவினேன், வெயிலில் காயவைத்தேன் என்பதெல்லாம் போதாது. மடிப்புக்குள் ஒட்டியிருக்கும் இரண்டு சொட்டு, சூடுபட்டதும் மறுபடி ஆவியாகும். இதைப் படிக்கும் யாரும் பழைய டேங்கில் நெருப்பு வைக்காதீர்கள். புதிது செய்துகொள்ளுங்கள்.

டேங்குக்குள் இரண்டு தடுப்புத் தகடு வைக்கச் சொன்னேன், கீழ் மூலைகளில் பாதிச் சந்திரன் அளவு வெட்டு விட்டு. மெட்ரோ வாட்டர் லாரி சிக்னலில் பிரேக் போட்டதும் மேல் மூடி வழியாகத் தண்ணீர் வீசியடிப்பதை நம் பக்கத்தில் பார்க்காதவர்கள் இல்லை. நீளமான டேங்கில் திரவம் முழுசாக ஒரே பக்கம் ஓடினால் வண்டியையே இழுக்கும். தடுப்பு இருந்தால் ஒவ்வொரு அறையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அசையும். பெட்ரோலை உறிஞ்சும் குழாயை நடு அறையில், அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் நிறுத்தினோம். அடியில் தேங்கும் அழுக்கும் தண்ணீரும் அந்த ஒரு விரலுக்குக் கீழே தங்கும். மாதம் ஒரு தடவை ட்ரெய்ன் ப்ளக்கைத் திறந்து விட்டுவிடலாம்.

கசிவு சோதனைக்குப் பாய் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது. காற்றடித்துச் சோப்புத் தண்ணீர் பூசுவதற்குப் பதிலாக, டேங்க் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, எல்லா வாயையும் அடைத்து, ஒன்றில் மட்டும் கொத்தனார் லெவல் பார்க்கும் கண்ணாடி டியூபை மாட்டினார். டியூபைச் சுவரில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக் கட்டி, தண்ணீர் நிற்கும் இடத்தில் பேனாவால் கோடு. மறுநாள் காலையில் கோடும் தண்ணீரும் ஒரே இடத்தில். இன்னும் உயரமாகக் கட்டலாமே என்று கேட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒரு மீட்டர் தண்ணீரே டேங்கின் மேல் தகட்டை உள்ளிருந்து 238 கிலோ எடைக்குத் தள்ளும். தட்டையான தகடு அதற்கு மேல் தாங்காமல் பலூன் மாதிரி உப்பிவிடும்.

மாட்டுவதற்குச் சேசிஸில் ஏற்கெனவே பாடி போல்ட்டுகள் போகும் துளைகளையே பயன்படுத்தினேன். இரண்டு கிராஸ் மெம்பர்களின்மேல் உட்காரும்படி இரண்டு சேனல், அவற்றிலிருந்து டேங்கைச் சுற்றி 40 மி.மீ. அகலப் பட்டை, 10 மி.மீ. போல்ட். பட்டைக்கும் டேங்குக்கும் நடுவே ரப்பர். ஸ்டெயின்லெஸும் இரும்பும் உப்பு ஈரத்தில் நேராகத் தொட்டுக்கொண்டால் இரும்பு சீக்கிரம் அரிக்கும், தேய்ந்து துளையும் விழும். டேங்க் நிரம்பினால் மொத்தம் 46 கிலோ. அதைத் தொங்கவிட அந்தப் பட்டை தாராளம்.

“சரி, மழைக்கு இன்னா பண்ணுவ?” என்று சித்தப்பா கேட்டார். அவர் கேட்ட எல்லாக் கேள்விகளிலும் இதுதான் சரியான கேள்வி. வடசென்னையில் வண்டி வைத்திருப்பவன் தண்ணீரை மறந்து எதையும் செய்ய முடியாது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் ஒரு மணி நேர மழைக்கே தண்ணீர் நிற்கும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் எங்கள் தெருவிலேயே தொடை அளவு. கேபினுக்குள் இருந்த டேங்க் இதிலெல்லாம் நனையாமல் தப்பித்தது உண்மை. கீழே வைத்த டேங்க் முழுகும். காற்றுக் குழாய் தாழ்வாக இருந்தால் தண்ணீர் உள்ளே போகும். ஆகவே காற்றுக் குழாயைப் பின்பாடியின் முன்தகட்டுக்குப் பின்னால் மேலே வரை ஏற்றி, கொக்கி மாதிரி வளைத்து, வாயில் ஒரு சிறிய வலை வைத்தேன். வண்டி சாய்ந்தாலும் பெட்ரோல் சட்டென்று வெளியே வராமல் இருக்கவும் அந்த உயரம் உதவும். மூடி காற்றுத் துளை இல்லாத, இறுக்கி மூடும் வகை. இன்னொன்றும் யோசிக்க வேண்டியிருந்தது. காலி டேங்க் முழுகினால் தண்ணீர் அதை 47 கிலோ விசையில் மேலே தூக்கும். அதன் சொந்த எடை போக 30 கிலோவுக்கும் மேல். பட்டை தொங்குவதற்கு மட்டும் இருந்தால் டேங்க் மிதந்து எழும்பிப் பலகையில் இடிக்கும். அதனால் சேனலுக்கும் டேங்குக்கும் நடுவே மேலேயும் ரப்பர் வைத்து இறுக்கினேன்.

ஊற்றும் வாய்க்குத்தான் அதிக நாள் ஆனது. பாடித் தகட்டை வெட்டமாட்டேன் என்றபின் மிச்சம் இருப்பது பின்பாடியின் மரத்தளம். இந்த வண்டிக்கு அடியில் மரப்பலகைகள், இடையில் இரும்புப் பட்டிகள். தாத்தா போட்ட வேங்கைப் பலகைகளில் ஒன்றை மட்டும் கழற்றி, துணி சுற்றிப் பரணில் வைத்துவிட்டு, அதே அளவில் புதுப் பலகை அறுத்து அதில் ஒரு கதவு வைத்தேன். கதவைத் தூக்கினால் ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள் மூடி. ஊற்றும்போது சிந்தினால் கிண்ணத்திலிருந்து ஒரு குழாய் வழியாக நேராகத் தரைக்குப் போகும், சைலன்சர் பக்கம் திரும்பாது. வாய்க்கும் டேங்குக்கும் நடுவில் ரப்பர் ஹோஸ் வருவதால் வாய் தனியாகத் துண்டாகி நிற்கும். பெட்ரோல் ஓடும்போது உண்டாகும் நிலைமின்சாரம் அதில் தேங்கி, பங்க் நாசில் தொடும்போது பொறி பறக்கலாம். அதற்காக வாயிலிருந்து சேசிஸுக்கு ஒரு செம்புப் பின்னல் எர்த். நான் எலக்ட்ரீஷியன் என்பதால் சொல்லவில்லை, ஐம்பது ரூபாய் கம்பி அது, விட்டுவிடாதீர்கள்.

மீட்டருக்கு வருகிறேன். புதுப்பேட்டையில் ஒரு பழைய அம்பாசடர் ஃப்ளோட் வாங்கி மாட்டிப் பார்த்தேன். டேங்கில் ஊற்ற ஊற்ற முள் கீழே இறங்கியது. இந்தச் செவர்லே மீட்டர் 0 ஓமைக் காலி என்றும் 30 ஓமை ஃபுல் என்றும் படிக்கும். அந்த ஃப்ளோட் வேறு கணக்கில் ஓடுவது. பழைய டேங்கின் ஃப்ளோட்டையே கழற்றி, சுற்றுக்கம்பியைத் துடைத்து, மல்டிமீட்டரில் அளந்தேன். 0 முதல் 29 வரை ஒழுங்காக ஏறியது. இத்தனை வருஷம் அது கெட்டுப்போகவே இல்லை! தக்கை மிதவை பெட்ரோலில் ஊறி மூழ்கியிருந்தது, எர்த் கம்பி அறுந்திருந்தது, அவ்வளவுதான். பித்தளை மிதவை போட்டு, 20 செ.மீ. உயரத்துக்கு ஏற்றபடி கையை வளைத்து மாட்டினேன். முதல் ஐந்து லிட்டர் ஊற்றியதும் முள் அசைந்தது. நான் ஷெட்டில் தனியாகத்தான் இருந்தேன். வெளியே வந்து அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

எல்லாம் சரியாகப் போகவில்லை. சித்திரையில் ஒரு மத்தியானம், எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் வரிசையில் ஊர்ந்துகொண்டிருந்தபோது என்ஜின் இருமி நின்றது. பழைய இடத்தில் டேங்க் என்ஜின் பம்பைவிட உயரம், பெட்ரோல் தானாக இறங்கி வரும். இப்போது டேங்க் ஒரு அடிக்கும் கீழே, என்ஜினில் இருக்கும் பம்ப் அதை இழுத்துக் குடிக்க வேண்டும். இழுக்கும் குழாயில் அழுத்தம் குறையும். பெட்ரோலின் லேசான பகுதி 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்குவது, அழுத்தம் குறைந்தால் இன்னும் சீக்கிரம் ஆவியாகும். பம்ப் ஆவியை இழுக்கும், பெட்ரோல் வராது. மெக்கானிக்குகள் ‘ஏர் லாக்’ என்பது இதைத்தான். ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றி நாற்பது நிமிஷம் காத்திருந்து வீடு வந்தேன். படுத்துப் பார்த்ததில், என்ஜின் பக்கம் வரும்போது என் குழாய் சைலன்சர் பைப்புக்கு இரண்டு விரல் தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. அது என் தவறு. குழாயைக் கழற்றி, சட்டத்தின் வெளிப்புறமாக, காற்றுப்படும் வழியில், செம்பும் நிக்கலும் கலந்த 8 மி.மீ. குப்ரோ நிக்கல் குழாயில் புதிதாக இழுத்தேன். செம்புக் குழாய் வளைக்கச் சுலபம், ஆனால் அதிர்ந்து அதிர்ந்து ஒரு நாள் விரிசல் விடும். பம்புக்குப் பக்கத்தில் ஒரு தகடு மறைப்பு. டேங்கை ஒட்டி ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும் போட்டேன். அது இல்லாதபோது இரண்டு வாரம் நின்ற வண்டியில் பெட்ரோல் எல்லாம் டேங்குக்குத் திரும்பிவிடும், ஆறு வோல்ட் பேட்டரியைப் பிழிந்தெடுத்தால்தான் ஸ்டார்ட் ஆகும். இந்த மூன்றும் செய்தபின் வைகாசியில் அதே சாலையில், அதே ஒரு மணி வெயிலில் வேண்டுமென்றே மூன்று நாள் போனேன். நிற்கவில்லை.

செலவு மொத்தம் 19,400 ரூபாய். அதில் பாதி தகடும் பாயின் கூலியும்.

பழைய டேங்க் எங்கள் பரணில், வேங்கைப் பலகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கேபின் ஓரத்தில் பழைய வாயையும் மூடியையும் அப்படியே விட்டு உள்பக்கம் அடைத்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் மாறவில்லை. சீட்டுக்குப் பின்னால் கிடைத்த இடத்தில் இரண்டு கிலோ தீயணைப்பான், ஒரு கேன்வாஸ் பையில் ஸ்பேனர்கள், அம்மாவுக்கு ஒரு தலையணை.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் முகத்துவாரம் வரை போனோம். சித்தப்பாவுக்கு எழுபத்தொரு வயது, அவரையே ஓட்டச் சொன்னேன். நடுவில் நான், ஓரத்தில் அம்மா. இந்தக் கேபினில் அம்மா உட்கார்ந்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஏறியதும் இரண்டு முறை மூச்சை இழுத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிக் காற்றை முகத்துக்கு விட்டுக்கொண்டார். தண்டையார்பேட்டை சிக்னலில் பிரேக் போட்டபோது என் முதுகு அந்தச் ‘சளக்’கை எதிர்பார்த்தது. வரவில்லை. எனக்கு அது கொஞ்சம் வெறுமையாகத்தான் இருந்தது.

கத்திவாக்கம் தாண்டியதும் சித்தப்பாவின் இடது கை என் தோளை உரசிக்கொண்டு சீட்டுக்குப் பின்னால் போனது. விரல் முட்டி கேன்வாஸ் பையில் பட்டது. கை அங்கேயே ஒரு கணம் நின்றது. அப்புறம் டேஷ்போர்டைக் குனிந்து பார்த்தார்.

“பாதிக்கு மேல காட்டுது. நம்பலாமா?”

“நம்பலாம் சித்தப்பா. இருபத்தஞ்சு லிட்டர் இருக்கும்.”

திரும்பி வரும்போது, திருவொற்றியூர் தேரடி கிட்டே, அவர் கை மறுபடியும் பின்னால் போனது.